பனிக் காலையில் ஸ்டார்ட் பிடிக்காத பழைய லொறி: புகையைப் பார்த்துப் பிழை தேடும் வழி

ஜனவரி மாதம், நுவரெலியாவுக்குப் பக்கத்திலுள்ள கந்தப்பளை, விடியற்காலை நாலரை மணி. லீக்ஸும் கரட்டும் இரவே ஏற்றித் தார்ப்பாய் கட்டியாயிற்று. தம்புள்ளைச் சந்தைக்கு நேரத்தோடு போய்ச் சேராவிட்டால் விலை விழுந்துவிடும். சாரதி சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் கறகறவென்று சுற்றுகிறதே தவிரப் பிடிக்கவில்லை. அப்புறம் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருவர் பெற்றரி என்பார், இன்னொருவர் பம்ப் என்பார், மூன்றாமவர் பழைய துணியில் டீசலை நனைத்துக் கொளுத்தி எயார் கிளீனர் வாயில் பிடிக்கப் போவார்.

அந்தத் துணியை முதலில் அணையுங்கள். ஹீட்டர் பிளக் (குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) உள்ள எஞ்சினில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பதும் வேண்டாம். பழுத்துக் கிடக்கும் பிளக் முனையில் ஸ்ப்ரேயிலுள்ள ஈதர் பட்டால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டனும் போகும். சில ஆயிரத்தில் முடிகிற வேலை முழு எஞ்சின் வேலையாக மாறிப்போன லொறிகளை என் கராஜிலேயே பார்த்திருக்கிறேன்.

இது பழைய டீசல் லொறிகளுக்கான வழிமுறை. கென்டர், எல்ஃப், டைனா மாதிரி, கம்பியூட்டர் இல்லாமல், டீசலை அழுத்தும் பம்ப்பும் அதைத் தூவும் நொசலும் மட்டுமே வைத்து ஓடுகிற வண்டிகள். பெற்றோல் இன்ஜெக்ஷன் சின்ன லொறிகளுக்குத் தனியாகக் கொஞ்சம் எழுதியிருக்கிறேன்.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கி நெருக்கி அது சில நூறு பாகைக்குச் சூடாகிற இடத்தில் டீசலைத் தூவினால் தானே பற்றும். குளிரில் பெற்றரி சோர்ந்துவிடும், ஒயில் தடிக்கும், எஞ்சின் மெதுவாகச் சுற்றும், நெருக்கிய சூட்டைக் குளிர்ந்த இரும்பு குடித்துவிடும். போதாக்குறைக்கு நுவரெலியா நகரம் சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். இவ்வளவும் சேர்ந்தாலும் நல்ல எஞ்சின் ஸ்டார்ட் ஆகத்தான் செய்யும். இதே லொறி கொழும்புக்கு இறங்கினால் பட்டென்று பிடிக்கிறதே என்று சொல்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: அங்கே 28 பாகையில் இரண்டு ஹீட்டர் பிளக் செத்திருந்தாலும் தெரியாது.

கெபினைத் தூக்குவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை. உதவியாளை டோர்ச்சோடு சைலன்சர் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் பத்து விநாடி செல்ப் அடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இரண்டே கேள்வி: எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா? புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இதைப் பார்க்காமல் கழற்றத் தொடங்குகிறவர்கள்தான் நல்ல பம்ப்பைக் கழற்றிக் காசைத் தொலைக்கிறார்கள்.

"டக்" என்று மட்டும் கேட்கிறது, அல்லது இழுத்து இழுத்துச் சுற்றுகிறது

புகையைப் பார்க்கவே தேவையில்லை. இது கரண்ட் பிரச்சினை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ப் அடியுங்கள். லைட் செத்தே போனால் பெற்றரி, அல்லது அதன் இணைப்புகள். லைட் அப்படியே பிரகாசமாக நின்று ஸ்டாட்டர் பேசாமல் இருந்தால், ஸ்டாட்டரின் சொலினொயிட் (மின்காந்தச் சுவிட்ச்) அல்லது சாவியிலிருந்து அதற்குப் போகும் வயர்.

வோல்ட், ஓம் அளக்கும் மீற்றர் இருந்தால் இன்னும் நல்லது. இரவு முழுக்க நின்ற 12 வோல்ட் பெற்றரியில் 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி. 12.0 என்றால் அந்தக் குளிரில் அது எதையும் சுற்றாது. பூச்சியப் பாகையை நெருங்கும்போது முழு சார்ஜில் உள்ள பெற்றரியே மூன்றில் ஒரு பங்கு வரை வலுவை இழக்கும். செல்ப் அடிக்கும்போது ஒவ்வொரு பெற்றரியும் 9.6க்குக் கீழே போகக்கூடாது.

ஜப்பான் கென்டர், எல்ஃப் பெரும்பாலும் 24 வோல்ட். இரண்டு பெற்றரி தொடராக மாட்டியிருக்கும். இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மொத்தமாக அளந்து 24.4 இருக்கிறது என்று திருப்திப்பட்டால், ஒன்றில் 12.7, மற்றதில் 11.7 இருப்பது தெரியாமல் போகும். இப்படி ஒன்று மட்டும் இளைப்பதற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம் பாட்டுப் பெட்டி. 12 வோல்ட் செட்டை வாங்கி, ஒரே ஒரு பெற்றரியிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது இறங்கும், மற்றது ஏறிக் கொதிக்கும். இரண்டும் சீக்கிரம் சாகும். ஒரு கன்வெர்ட்டர் வாங்கிப் போடுங்கள், இரண்டு பெற்றரியின் விலையோடு பார்த்தால் அது பெரிய காசில்லை.

பெற்றரி நல்லதாக இருந்தும் இழுக்கிறதா? பத்து விநாடி செல்ப் அடித்ததும் டெர்மினல்களையும் வயர் முனைகளையும் தொட்டுப் பாருங்கள். எது சூடாக இருக்கிறதோ அந்த இணைப்புதான் கெட்டது. மெதுவாகத் தொடுங்கள், சில நேரம் சுட்டுவிடும். அடுத்தது எர்த். ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, பெற்றரியின் மைனஸிலிருந்து நேராக எஞ்சின் இரும்புக்குக் கொடுத்து செல்ப் அடியுங்கள். உடனே உற்சாகமாகச் சுற்றினால், சேசிக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டி உக்கிப்போயிருக்கிறது. மழையும் சேறும் உள்ள நம் பக்கத்தில் அந்தப் பட்டி நீண்ட நாள் தாங்காது.

எல்லாம் சரி, இன்னும் கனமாகவே சுற்றுகிறது என்றால் போன முறை என்ன ஒயில் ஊற்றினீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புகை குறையட்டும் என்று யாரோ சொல்லி 20W-50 ஊற்றியிருப்பீர்கள். விடியற்காலையில் அது சீனிப்பாணிதான். கையேட்டில் 15W-40 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள்.

நன்றாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகை கொட்டுகிறது, பிடிக்கவில்லை

இது நல்ல செய்தி. டீசல் உள்ளே போகிறது, பற்றாமல் ஆவியாக வெளியே வருகிறது, அவ்வளவுதான். மூக்குக்குப் பச்சை டீசல் வாசம் வரும், கண் எரியும். பம்ப்பைத் தொட வேண்டாம். பார்க்க வேண்டியது ஹீட்டர் பிளக்.

டேஷ்போர்டில் ஹீட்டர் லைட் எரிந்து அணைகிறதே, பிளக் எல்லாம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த லைட் ஒரு டைமர் மட்டுமே. நாலு பிளக்கும் செத்திருந்தாலும் அது ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும்.

சோதிப்பது சுலபம். பிளக்குகளை இணைக்கும் தகட்டுப் பட்டியைக் கழற்றி எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நல்ல பிளக் மற்ற மூன்றுக்கும் சாட்சி சொல்லிவிடும். லொறியின் வோல்ட்டுக்கு ஏற்ற பல்ப் ஒன்றில் இரண்டு வயர் கட்டி, ஒன்றைப் பெற்றரி பிளஸ்ஸில் மாட்டி, மற்றதால் ஒவ்வொரு பிளக் தலையையும் தொடுங்கள். பல்ப் எரிந்தால் உயிர் இருக்கிறது, எரியாவிட்டால் செத்தது. மீற்றரில் பார்ப்பதானால், நல்ல பிளக் மிகக் குறைந்த ஓம் காட்டும், செத்தது எதுவுமே காட்டாது.

பல்ப் எரிந்துவிட்டது என்பதற்காக அது நன்றாகச் சூடாகிறது என்று அர்த்தமில்லை. சந்தேகம் இருந்தால் பிளக்கைக் கழற்றி வைஸில் இறுக்கி, தடித்த வயரில் கரண்ட் கொடுத்துப் பார்க்கலாம். முனைதான் முதலில் சிவக்க வேண்டும். நடு உடம்பு சிவந்து முனை கறுப்பாகவே நின்றால், அல்லது முனை வேர்க்கடலை மாதிரி வீங்கியிருந்தால், தூக்கிப் போடுங்கள். வீங்கிய பிளக்கைக் கழற்றும்போது பலம் போடாதீர்கள். முனை உடைந்து சிலிண்டருக்குள் விழுந்தால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

இந்தச் சோதனையில் ஒரு பொறி உண்டு. 24 வோல்ட் லொறி என்றால் பிளக்கும் 24 வோல்ட் என்று எண்ணிவிடக் கூடாது. பிளக் உடம்பில் அடித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 11 வோல்ட் பிளக்குக்கு இரண்டு பெற்றரியின் கரண்டையும் கொடுத்தால் சில விநாடியில் எரிந்துவிடும், அப்புறம் "நல்ல பிளக்கைத்தான் வாங்கினேன், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று புலம்ப வேண்டியதுதான்.

பிளக் நாலும் நல்லதென்றால், சாவியைப் போட்டதும் பட்டிக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரிலே, அல்லது அதற்கு முன்னால் உள்ள பியூஸ். ரிலே கெட்டதும் பல பேர் டேஷ்போர்டில் ஒரு பெல் சுவிட்ச் போட்டு நேராகக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. விரலை எடுக்க மறந்தால் பிளக் போகும். ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறதென்றால், பத்து வரை எண்ணி விட்டுவிடுங்கள். கடும் குளிரில் ஒருமுறை சூடாக்கி, விட்டு, மறுபடி ஒருமுறை சூடாக்கி செல்ப் அடிப்பது தப்பில்லை.

சில எஞ்சின்களில் பிளக்கே இருக்காது. காற்று போகும் மெனிபோல்டில் ஒரு ஹீட்டர் இருக்கும். சாவியைப் போட்டு அரை நிமிடம் கழித்து அந்த இடத்தைக் கையால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

நன்றாகச் சுற்றுகிறது, புகையே இல்லை

டீசல் போகவில்லை. டேங்கில் டீசல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், மீற்றர் முள் பொய் சொல்லும்.

அடுத்தது, டீசலை அடைத்து எஞ்சினை நிறுத்தும் பொறி. ரோட்டரி பம்ப்பில் ஒரு சொலினொயிட் இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு, உதவியாள் சாவியைப் போட, நீங்கள் பம்ப் பக்கம் காதை வைத்தால் "டிக்" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதன் வயர் கழன்றிருக்கும், இல்லை அதுவே செத்திருக்கும். வரிசைப் பம்ப் உள்ள வண்டிகளில் கேபிளோ சின்ன மோட்டரோ ஒரு லீவரை இழுத்து நிறுத்தும். இரவு நிறுத்திய லீவர் குளிரில் கிரீஸ் இறுகி அங்கேயே நின்றுவிடுவது உண்டு. கையால் தள்ளிவிட்டு செல்ப் அடித்தால் பிடித்துவிடும். கொஞ்சம் மெல்லிய ஒயில் விட்டால் அந்தச் சீசன் முழுக்கத் தொல்லை இருக்காது.

பிறகு பில்டரின் மேலிருக்கும் ஹேண்ட் பம்ப்பை அமுக்குங்கள். இறுகி நின்றால் டீசல் நிறைந்திருக்கிறது. தொளதொளவென்று போனால் அடுத்த பகுதிக்குப் போங்கள். இறுகியும் புகை இல்லாவிட்டால் ஒரு நொசலின் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி செல்ப் அடித்துப் பார்க்கலாம். விட்டு விட்டுத் துப்ப வேண்டும். மேலே துணியைப் போடுங்கள், கையையும் முகத்தையும் எட்ட வையுங்கள். கம்பியூட்டர் உள்ள கொமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தம் டீசலைத் தோலைத் துளைத்து உள்ளே ஏற்றிவிடும். அது ஆஸ்பத்திரி வேலை.

பிடித்து, பத்து விநாடியில் நின்றுவிடுகிறது. அப்புறம் நெடுநேரம் அடித்தால்தான் பிடிக்கிறது

ராகலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். "அண்ணே, பெற்றரி புதுசு. பிளக் நாலும் புதுசு. பம்ப்பைக்கூடக் கழற்றிச் செய்தாச்சு. காலையில மட்டும் இதே கூத்துதான்."

"ராத்திரி எங்கே நிறுத்துவாய்?"

"வீட்டுக்கு மேல் ஏற்றத்தில, அண்ணே."

"மூஞ்சி எந்தப் பக்கம்?"

"மேல் பக்கம்."

அன்றிரவு முகம் கீழே பார்க்கிற மாதிரி நிறுத்து, சக்கரத்துக்கு நல்ல கல்லாகப் போடு, காலையில் என்னோடு பேசு என்று அனுப்பினேன். மறுநாள் காலை முதல் அடியிலேயே பிடித்துவிட்டதாம். பெற்றரிக்கும் பம்ப்புக்கும் கொடுத்த காசை நினைத்து அழுவதா சிரிப்பதா என்று கேட்டான்.

நடந்தது இதுதான். எங்கேயோ ஓர் ஓட்டை காற்றை உறிஞ்சுகிறது. மூஞ்சி மேலே இருக்கும்போது இரவு முழுக்க டீசல் பைப்பிலிருந்து டேங்குக்கே திரும்பி வழிந்துவிடுகிறது. காலையில் பம்ப்பில் மிச்சமிருக்கும் டீசலில் எஞ்சின் பிடிக்கும், அது தீர்ந்ததும் நிற்கும். டேங்க்கிலிருந்து பம்ப் வரைக்கும் இழுக்கிற பக்கம் என்பதால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் கீழே ஒரு துளிகூட இல்லையே என்று எல்லோரும் குழம்புகிறார்கள்.

அவனுடைய லொறியில் ஓட்டை இருந்தது நொசல்களுக்கு மேலே ஓடி, மிஞ்சிய டீசலை டேங்குக்குத் திருப்பும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸில். துணி பின்னிய அந்த ஹோஸ் எஞ்சின் சூட்டில் வெந்து, விரலால் வளைத்தால் காய்ந்த சுள்ளி மாதிரி வெடிக்கும். மற்ற சந்தேக இடங்கள்: ஹேண்ட் பம்ப்பின் ரப்பர், பில்டரின் ஓ ரிங், பழைய செப்பு வொஷரையே மறுபடி போட்ட பாஞ்சோ போல்ட்டுகள் (பைப் முனையைப் பிடிக்கும், நடுவே துளையுள்ள போல்ட்டுகள்), சேசியில் உரசி மெலிந்த இரும்புப் பைப். கண்ணால் தேடி அலுத்துவிட்டால், பில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே கொஞ்ச நேரத்துக்கு ஒரு தெளிவான பிளாஸ்டிக் ஹோஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சங்கிலியாகக் குமிழி வந்தால் ஓட்டை பில்டர் பக்கமோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் போக வேண்டும்.

காற்று எடுக்க பில்டர் மேலுள்ள திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஹேண்ட் பம்ப்பை அமுக்கிக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும், பிறகு சுத்தமான டீசல் வரும். அமுக்கிப் பிடித்த நிலையிலேயே திருகாணியை இறுக்குங்கள். காலையில் இதைச் செய்தால் உடனே பிடிக்கிறதென்றால், ஓட்டை இருப்பது நிச்சயம்.

பூப்பனி கொட்டிய காலையில் மட்டும் தகராறு

புல்லில் வெள்ளை படிந்து தேயிலைக் கொழுந்து கருகிற அந்தச் சில நாட்களில் மட்டும் வண்டி மக்கர் செய்தால், உங்கள் டேங்கிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து இரவு வெளியே வையுங்கள். காலையில் பால் மாதிரிக் கலங்கியிருந்தால் மெழுகு பிரிகிறது, அதுதான் பில்டரை அடைக்கிறது. அடியில் தனியாகத் தண்ணீர் நின்றால் அதற்கும் விடை கிடைத்துவிட்டது. மெழுகு என்றால், பில்டரைச் சுற்றி வெந்நீரில் நனைத்த துணியைக் கட்டினால் போதும். கொதிநீரைப் பம்ப் மேல் நேராகக் கொட்டாதீர்கள்.

மண்ணெண்ணெய் கலந்தால் சரியாகும் என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பம்ப்புக்கு எண்ணெய் போடுவதே உள்ளே ஓடும் டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு இல்லை. பம்ப் தேயும். அரை டேங்க்கோடு இரவு நிறுத்தினால் மிச்ச இடத்திலுள்ள ஈரக் காற்று குளிர்ந்து தண்ணீராகச் சொட்டும் என்பதால், குளிர் மாதங்களில் மாலையே ஷெட்டுக்குப் போய் நிரப்பிவிடுங்கள். பில்டரின் அடித் திருகாணியை வாரம் ஒருமுறை திறந்து தண்ணீரை விடுங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பரலிலும் கேனிலும் சேர்த்து வைத்த டீசலை ஊற்றிய டேங்குகள் சிலவற்றை இன்னும் யாரும் கழுவியிருக்க மாட்டார்கள். அந்த அழுக்கு அடியிலேயே கிடக்கும்.

பெற்றோல் இன்ஜெக்ஷன் வண்டி என்றால்

டவுன்ஏஸ், லைட்ஏஸ் மாதிரிச் சின்ன லொறிகள். சாவியை ஒன் செய்து, இரண்டு விநாடி விட்டு, ஓஃப் செய்து, இப்படி மூன்று தரம் செய்த பிறகு செல்ப் அடித்தால் பிடிக்கிறதா? அப்படியானால் இரவில் பெற்றோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது. டேங்க் பம்ப்பின் வால்வையும் பிரஷர் ரெகுலேட்டரையும் பாருங்கள். ரெகுலேட்டரின் வெக்யூம் ஹோஸைக் கழற்றினால் பெற்றோல் ஈரம் இருக்கக் கூடாது.

அது இல்லையென்றால் என் முதல் சந்தேகம் தண்ணீர்ச் சூடு பார்க்கும் சென்சர். கெட்டுப்போய் எஞ்சின் சூடாக இருக்கிறது என்று அது சொன்னால், கம்பியூட்டர் குளிருக்கு வேண்டிய கூடுதல் பெற்றோலைத் தராது. பல ஜப்பான் வண்டிகளில் இந்தச் சென்சர் 20 பாகையில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 பாகையில் சுமார் 300 ஓமும் காட்டும். அதாவது குளிர்ந்த எஞ்சினில் மீற்றர் 300 காட்டினால் ஆளைப் பிடித்துவிட்டோம். 1990களின் டொயோட்டா என்றால் டயக்னோசிஸ் பெட்டியில் டிஈ1, ஈ1 இரண்டையும் ஒரு வயரால் இணைத்துச் சாவியைப் போடுங்கள். எஞ்சின் லைட் இரண்டு தரம் மின்னி, நின்று, மறுபடி இரண்டு தரம் மின்னினால் அது 22, இதே சென்சர்தான்.

அக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் மட்டுமே பிடித்து நிற்கிறதென்றால் பெடலை மிதிக்காதபோது காற்றை விடும் ஐடில் வால்வில் கரி. கழற்றிக் கழுவினால் போதும்.

எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் பள்ளத்தில் உருட்டினால்தான் பிடிக்கிறது

மலைநாட்டில் பாதி லொறிகள் பள்ளத்தைப் பார்த்தே நிறுத்தப்படுகின்றன. கல்லை எடுத்து, உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளச்சை விட்டால் பிடித்துவிடும். ஸ்டாட்டரைவிட வேகமாகச் சுற்றுவதால் பிடிக்கிறது. பிடிக்காத நாளைத்தான் யோசிக்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது வெக்யூம் பிரேக்கில் ஓரிரு மிதிக்குத்தான் உதவி இருக்கும், பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் இருக்காது. பின்னால் மூன்று தொன் கோவாவோடு தோட்டத்து வளைவில் அதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் ஆசை வராது. எயார் பிரேக் வண்டியில் காற்று ஏறாமல் உருட்டவே கூடாது.

வேகமாகச் சுற்றியும், பிளக் நல்லதாயிருந்தும், காற்று இல்லாமலும், வெள்ளைப் புகையோடு அடம்பிடித்தால் மிச்சம் இருப்பது கொம்பிரஷன் (சிலிண்டரில் காற்றை நெருக்கும் அழுத்தம்), வால்வ் இடைவெளி, பம்ப் டைமிங், தேய்ந்த நொசல். இதில் வால்வ் இடைவெளியை முதலில் பாருங்கள். மலிவு, அரை நாள் வேலை. நொசலைச் சோதனை மேசை உள்ள இடத்துக்குக் கொண்டு போங்கள், தூவலைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். சொட்டாமல், புகை மாதிரி மென்மையாக விசிற வேண்டும். கொம்பிரஷனை நாலு சிலிண்டரிலும் அளந்து, கையேட்டிலுள்ள எல்லையோடும் ஒன்றோடொன்றும் ஒப்பிடுங்கள். எல்லாமே கீழே என்றால் ரிங், ஒன்று மட்டும் கீழே என்றால் பெரும்பாலும் வால்வோ கேஸ்கெட்டோ.

ராகலைத் தம்பிக்கு அந்த ஹோஸை மாற்றினோம், ஒரு மீற்றர் துண்டு. இப்போது ஏற்றத்தில் மூஞ்சி மேலே வைத்து நிறுத்தினாலும் பிடிக்கிறது. ஆனாலும் அவன் இன்னும் பள்ளம் பார்த்துத்தான் நிறுத்துகிறான்.